மதுவும் பாலியல் சம்மதமும் (பல்கலைக்கழக மாணவர்கள்)

பாலியல் உறவுக்குச் சம்மதம் அளிக்கும் திறனை மது எவ்வாறு குறைக்கிறது, எந்தக் கட்டத்தில் அத்திறன் முற்றிலும் இல்லாமற்போகிறது, அந்நிலையில் நடந்தவற்றுக்கு யார் பொறுப்பு என்பன உயர்கல்வி நிறுவனங்களில் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்விகளாகும். இவ்விவாதம் 1980களின் இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றது. பின்னர் பிரித்தானியா, கனடா, இந்தியா முதலிய நாடுகளின் சட்டங்களிலும் பல்கலைக்கழக விதிகளிலும் வெவ்வேறு வடிவங்களில் இடம்பெற்றது. பெற்றோரின் கண்காணிப்பிலிருந்து முதன்முறையாக விலகி விடுதிகளில் வாழத் தொடங்கும் 18 முதல் 22 வயது வரையிலான மாணவர்களே இதில் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் தமிழ் மாணவர்களும் அந்நாட்டு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் அவற்றை அறிந்திருப்பது அவர்களுக்கும் தேவையானது.

சம்மதம் என்பதன் பொருள்

ஒருவர் தன் விருப்பத்தால், அச்சுறுத்தலோ ஏமாற்றோ இன்றி, என்ன நடக்கப்போகிறது என்பதைப் புரிந்துகொண்டு உடன்படுவதே பாலியல் சம்மதம் எனப்படும். இசைவு, ஒப்புதல் ஆகிய சொற்களும் இதே பொருளில் வழங்குகின்றன. இதில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது சுதந்திரம்: மறுத்தால் தீங்கு நேரும் என்ற நிலை இருக்கக் கூடாது. இரண்டாவது திறன்: புரிந்துகொள்ளவும் தேர்ந்தெடுக்கவும் மூளை இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். மூன்றாவது வெளிப்பாடு: உடன்பாடு சொல்லாலோ தெளிவான செயலாலோ தெரிய வேண்டும்.

இம்மூன்றில் திறனையும் வெளிப்பாட்டையும் மது நேரடியாகத் தாக்குகிறது. மிகுந்த போதையில் இருப்பவர் புரிந்துகொள்ளும் ஆற்றலை இழக்கிறார். அதேவேளையில் "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்லும் ஆற்றலையும், எழுந்து விலகிச் செல்லும் ஆற்றலையும் இழக்கிறார். எனவே போதையில் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள இயலாது.

சம்மதம் அந்தந்த நேரத்திற்கும் அந்தந்தச் செயலுக்கும் மட்டும் உரியது. முத்தத்திற்கு உடன்பட்டவர் உடலுறவுக்கு உடன்பட்டவர் ஆகார். ஒருமுறை அளித்த சம்மதத்தை இடையில் திரும்பப் பெறவும் முடியும். உணர்விழந்தவரால் அதைத் திரும்பப் பெற இயலாது. இக்காரணத்தால்தான், நினைவுடன் இருந்தபோது உடன்பட்டவர் பின்னர் உணர்விழந்தால் அந்தச் சம்மதம் தொடராது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

மது மூளையில் செய்யும் மாற்றம்

மதுவில் உள்ள எத்தனால் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. முதலில் பாதிக்கப்படுவது, விளைவுகளை எடைபோட்டு முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதியாகும். கூச்சம் குறைவதும் பேச்சு கூடுவதும் இதன் தொடக்க அறிகுறிகள். அளவு ஏற ஏறப் பேச்சுக் குழறல், தள்ளாட்டம், வாந்தி, உணர்விழப்பு என நிலை முற்றுகிறது. இரத்தத்தில் ஆல்கஹால் 0.30 சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். ஒப்பீட்டுக்குச் சொன்னால், இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது 0.08 சதவீதம்.

மாணவர்கள் பெரும்பாலும் அறியாத இரண்டு உண்மைகள் உண்டு. ஒன்று, கடைசிக் கோப்பையைக் குடித்து முடித்த பின்னரும் சிறிது நேரம் இரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். விருந்திலிருந்து கிளம்பும்போது ஓரளவு தெளிவாகப் பேசியவர், அரை மணி நேரத்தில் அறைக்குள் நிற்கவும் முடியாத நிலைக்கு வரலாம். இரண்டு, உடலில் இருந்து ஆல்கஹால் வெளியேறும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 0.015 சதவீதம் மட்டுமே. நள்ளிரவில் 0.20 சதவீதம் இருந்தவருக்கு அது முழுமையாக நீங்க 13 மணி நேரத்திற்கு மேல் ஆகும். காப்பியும் குளிர்ந்த நீரும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

ஒரே அளவு குடித்தாலும் எல்லோருக்கும் ஒரே போதை ஏறாது. உடல் எடை, உணவு உண்ட நேரம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். பெண்களின் உடலில் நீரின் விகிதம் சராசரியாகக் குறைவு என்பதால், அதே அளவு மது அவர்களின் இரத்தத்தில் அதிகச் செறிவை உண்டாக்குகிறது.

நினைவு இடைவெளியும் உணர்விழப்பும்

மிகுதியாகக் குடித்தவருக்கு மறுநாள் காலையில் முந்தைய இரவின் சில மணி நேரம் நினைவில் இல்லாமல் போவதுண்டு. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் இதை 'பிளாக்அவுட்' என்பர். புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி தற்காலிகமாகச் செயலிழப்பதே இதற்குக் காரணம். இது பொதுவாக 0.16 சதவீதத்தை ஒட்டிய அளவுகளில் நேர்கிறது. மிக வேகமாகக் குடிப்போருக்கு வாய்ப்பு அதிகம்.

இது உணர்விழப்பு அன்று. பேச்சுவழக்கில் 'மட்டையாவது' எனப்படும் உணர்விழப்பில் உடல் அசைவற்றுக் கிடக்கும். நினைவு இடைவெளியிலோ அவர் நடப்பார், பேசுவார், தொலைபேசியில் செய்தியும் அனுப்புவார். அவரது மூளை எதையும் பதிவு செய்யவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலும் போகலாம்.

இந்த வேறுபாடு விசாரணைகளில் பெரும் சிக்கலை உண்டாக்குகிறது. "எனக்கு நினைவில்லை" என்று ஒருவர் கூறுவது அவர் சம்மதித்தார் என்பதற்கோ சம்மதிக்கவில்லை என்பதற்கோ தன்னளவில் சான்றாகாது. அந்த நேரத்தில் அவர் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி. அதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவு, உடனிருந்தோரின் சாட்சியம், அனுப்பிய செய்திகள், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

எல்லைக்கோடு

சிறிதளவு குடித்த ஒவ்வொருவரும் சம்மதிக்கும் திறனை இழந்தவர் என்று எந்த நாட்டுச் சட்டமும் கூறவில்லை. மறுபுறம், உணர்விழந்தவரால் சம்மதிக்கவே முடியாது என்பதிலும் ஐயமில்லை. சிக்கல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பில்தான் உள்ளது. குறிப்பிட்ட ஆல்கஹால் அளவை எல்லையாக வைக்கவும் முடியாது. ஒரே அளவில் ஒருவர் தெளிவாகவும் மற்றொருவர் நிலைகுலைந்தும் இருக்கக்கூடும்.

ஆகவே வெளியில் தெரியும் அறிகுறிகளே வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றன:

- பேச்சு குழறுதல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுதல்
- துணையின்றி நடக்கவோ உடையை மாற்றவோ இயலாமை
- வாந்தி எடுத்தல், கண்கள் செருகுதல், இடையிடையே உறங்கி விழுதல்
- எங்கே இருக்கிறோம், யாருடன் இருக்கிறோம் என்பது தெரியாமை

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பாலியல் உறவைத் தவிர்ப்பதே பாதுகாப்பான நடைமுறை. சட்டம் வகுத்திருப்பது குற்றத்தின் எல்லையை மட்டுமே. நல்ல நடத்தையின் எல்லை அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. ஐயம் இருந்தால் மறுநாள் வரை காத்திருப்பதால் யாருக்கும் இழப்பு இல்லை.

எதிர்பார்ப்புகளும் பழி சுமத்தலும்

மதுவின் விளைவுகள் அனைத்தும் வேதியியலால் மட்டும் வருவன அல்ல. மது அருந்தியதாக நம்பவைக்கப்பட்டு, உண்மையில் மது இல்லாத பானம் கொடுக்கப்பட்டவர்களிடமும் நடத்தை மாற்றங்கள் ஏற்படுவதை 1970கள் முதல் நடந்த உளவியல் ஆய்வுகள் காட்டின. "குடித்தால் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்" என்று சமூகம் கற்பித்ததும் ஒரு காரணம் என்பதே இதன் பொருள். 1990இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 'மதுக் கிட்டப்பார்வை' என்னும் கருத்தை முன்வைத்தனர். போதையில் இருப்பவரின் கவனம் கண்முன் உள்ள வலுவான தூண்டலில் மட்டும் குவிகிறது. எதிரில் இருப்பவர் தயங்குவது போன்ற நுட்பமான குறிப்புகள் தவறிவிடுகின்றன.

இதனுடன் இரட்டை அளவுகோல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆண் குடித்திருந்தால் "போதையில் தெரியாமல் செய்துவிட்டான்" என்று அவன் பொறுப்பு குறைக்கப்படுகிறது. பெண் குடித்திருந்தால் "அவள் ஏன் குடித்தாள்" என்று அவள் பொறுப்பு கூட்டப்படுகிறது. ஒரே மது ஒருவருக்கு மன்னிப்பாகவும் மற்றவருக்குக் குற்றச்சாட்டாகவும் மாறுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் புகார் அளிக்காமல் இருப்பதற்கு இந்த அச்சம் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். குடித்தது தவறு என்று ஒருவர் கருதலாம். எனினும் குடித்தவரின் உடலைத் தொடும் உரிமை அதனால் வேறொருவருக்குக் கிடைத்துவிடாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வரலாறு

1987இல் உளவியலாளர் மேரி காஸும் உடன் ஆய்வாளர்களும் 32 உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 6,159 மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். 14 வயதுக்குப் பின் வன்புணர்வுக்கோ அதற்கான முயற்சிக்கோ உள்ளானதாக, பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் விடையளித்திருந்தார். குற்றம் செய்தோரில் பெரும்பாலோர் அறிமுகமானவர்கள் என்பதும் தெரியவந்தது. கல்லூரி மாணவர்களிடையே நடக்கும் பாலியல் வன்முறைகளில் ஏறத்தாழ பாதியில் மதுவுக்குத் தொடர்பு உள்ளதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் மதிப்பிட்டன.

ஒகையோ மாநிலத்தின் ஆண்டியோக் கல்லூரியில் மாணவியர் போராட்டத்தின் விளைவாக 1991இல் புதிய விதி ஒன்று உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் வாய்மொழியாகக் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும் என்று அது கூறியது. 1993இல் இவ்விதி நாடு முழுவதும் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கேலி செய்யப்பட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் அதன் அடிப்படைக் கருத்தே மாநிலச் சட்டமாயிற்று. 2014 செப்டம்பரில் கலிபோர்னியா, கல்லூரி ஒழுங்கு விசாரணைகளில் 'உடன்பாட்டு வெளிப்பாடு' என்னும் அளவுகோலைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்புத் தெரிவிக்காதது சம்மதம் அன்று. மௌனமும் சம்மதம் அன்று. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் போதையில் இருந்ததால் தவறாகப் புரிந்துகொண்டதாகக் கூறுவதை ஏற்க இயலாது என அச்சட்டம் வரையறுத்தது. 2015இல் நியூயார்க் மாநிலமும் இதையொத்த சட்டம் இயற்றியது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2019இல் 33 நிறுவனங்களில் நடத்திய கருத்தாய்வில், சேர்ந்த நாள் முதல் வலுக்கட்டாயத்தாலோ சம்மதிக்க இயலாத நிலையிலோ விரும்பாத பாலியல் தொடுகைக்கு உள்ளானதாக இளநிலை மாணவியரில் 25.9 சதவீதத்தினரும், இளநிலை மாணவர்களில் 6.8 சதவீதத்தினரும் தெரிவித்தனர். ஆண்களும் பாதிக்கப்படுகின்றனர் என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஸ்டான்போர்டு வழக்கு

2015 ஜனவரியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்தில் ஆண் மாணவர் சங்க விருந்து ஒன்று நடந்த இரவில், உணர்விழந்து தரையில் கிடந்த 22 வயதுப் பெண் ஒருவரை அப்பல்கலைக்கழக மாணவரும் நீச்சல் வீரருமான பிராக் டர்னர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். மிதிவண்டியில் அவ்வழியே சென்ற சுவீடன் நாட்டு ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் அதைத் தடுத்து, தப்பியோட முயன்றவரைப் பிடித்து நிறுத்தினர்.

2016 மார்ச்சில் ஜூரி அவரை மூன்று குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்மானித்தது. அரசுத் தரப்பு ஆறு ஆண்டுச் சிறை கோரியது. நீதிபதி ஆரன் பெர்ஸ்கி ஆறு மாதச் சிறையும் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தார். மூன்று மாதங்களில் டர்னர் விடுதலையானார். பாதிக்கப்பட்ட பெண் நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கை இணையத்தில் வெளியாகி, பல இலட்சம் பேரால் படிக்கப்பட்டது.

இதன் விளைவுகள் மூன்று. அதுவரை கலிபோர்னியச் சட்டத்தில் வலுக்கட்டாயம் பயன்படுத்திய வன்புணர்வுக்குச் சிறை கட்டாயமாக இருந்தது. உணர்விழந்தவரிடமோ போதையில் இருந்தவரிடமோ செய்த குற்றத்திற்கு அவ்வாறு இல்லை. 2016 செப்டம்பரில் இந்த வேறுபாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இளநிலை மாணவர் விருந்துகளில் கடுமையான மதுவகைகளைத் தடை செய்தது. 2018 ஜூனில் வாக்காளர்கள் நீதிபதியைப் பதவியிலிருந்து திரும்பப் பெற்றனர். பாதிக்கப்பட்டவர் 2019இல் தம் பெயர் ஷனெல் மில்லர் என வெளிப்படுத்தித் தம் நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார்.

சட்டங்கள்

இங்கிலாந்து: 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம், தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் திறனும் உடைய ஒருவர் தம் தேர்வால் உடன்படுவதே சம்மதம் என்கிறது. பல்கலைக்கழக மாணவி ஒருவர் தொடர்பான பிரீ வழக்கில், 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருபுறத்தையும் விளக்கியது. மிகுதியாகக் குடித்திருந்தும் தேர்ந்தெடுக்கும் திறன் உடையவர் உடன்பட்டால் அது சம்மதமே. ஆனால் குடியால் அத்திறனைத் தற்காலிகமாக இழந்தவர் சம்மதித்தவர் ஆகார். உணர்விழப்பதற்கு வெகு முன்பே அத்திறன் மறைந்துவிடக்கூடும் என்று அது கூறியது. ஜூரிக்கு இவ்விளக்கம் போதிய அளவில் அளிக்கப்படாததால் அவ்வழக்கில் தண்டனை நீக்கப்பட்டது.

மின்னசோட்டா: ஒருவரது விருப்பமின்றி மது கொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அவரை 'மனத்திறன் இழந்தவர்' எனக் கொள்ள முடியும் என்று இம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தாமாகக் குடித்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது இதன் விளைவு. சட்டத்தின் சொற்கள் அவ்வாறே இருந்தன என்றும், அதைத் திருத்துவது சட்டமன்றத்தின் பணி என்றும் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது.

இந்தியா: 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், சம்மதம் என்பது சொல், சைகை அல்லது வேறு வகையில் தெரிவிக்கப்படும் ஐயத்திற்கு இடமற்ற, தன்விருப்பமான உடன்பாடு என வரையறுக்கப்பட்டுள்ளது. உடலால் எதிர்க்கவில்லை என்பதால் மட்டும் சம்மதித்ததாகக் கருத முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் இவ்வரையறை தொடர்கிறது. போதையின் காரணமாக, தான் சம்மதிக்கும் செயலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ள இயலாத பெண்ணின் சம்மதம் செல்லாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. பிறர் கொடுத்த போதைப்பொருள் இதில் தனியாகச் சொல்லப்படுவதால், தாமாகக் குடித்த பெண்ணுக்கும் இப்பாதுகாப்பு உண்டு. 18 வயது நிரம்பாதவரின் சம்மதம் எந்த நிலையிலும் ஏற்கப்படுவதில்லை.

இலங்கை: தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, அந்த ஆணாலோ வேறொருவராலோ கொடுக்கப்பட்ட மது அல்லது போதைப்பொருளால் உண்டான போதையைக் குறிப்பிடுகிறது. 'கொடுக்கப்பட்ட' என்னும் ஒரு சொல் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு மேற்கண்ட மின்னசோட்டா வழக்கு எடுத்துக்காட்டாகும்.

இருவரும் குடித்திருந்தால்

மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. இருவரும் ஓரளவு குடித்து, இருவரும் புரிந்துகொண்டு விரும்பினால் அது குற்றமாகாது. ஒருவர் திறனை இழந்த நிலையில் மற்றவர் செயலில் ஈடுபட்டால், ஈடுபட்டவரின் போதை அவரைக் காப்பாற்றாது. தாமாகக் குடித்தவர், குடிக்காதவருக்கு இருந்திருக்கக்கூடிய அறிவு உடையவராகவே நடத்தப்படுவார் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 24ஆம் பிரிவு கூறுகிறது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டி ஒருவரை மோதியவர் "போதையில் தெரியவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாததைப் போன்றதே இதுவும்.

பல்கலைக்கழக விசாரணையும் குற்றவியல் வழக்கும் வேறுவேறானவை. நீதிமன்றத்தில் குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். கல்லூரி விசாரணைகளில் பல இடங்களில், நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். இதனால் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போதிய வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்ற எதிர்வாதமும் உண்டு. இரு தரப்பையும் கேட்டு, சான்றுகளைக் காட்டி, காலக்கெடுவுக்குள் முடிவெடுக்கும் முறை இருவருக்கும் தேவை.

தடுப்பு முறைகள்

"பெண்கள் குடிக்காமல் இருந்தால் போதும்" என்ற அறிவுரை, குற்றம் செய்பவரை விட்டுவிட்டுப் பாதிக்கப்படக் கூடியவரை மட்டும் நோக்குகிறது. தற்போது பல பல்கலைக்கழகங்கள் உடனிருப்போர் தலையிடும் பயிற்சியை அளிக்கின்றன. நண்பரைத் தனியே விடாதிருத்தல், பேச்சை மாற்றிக் கவனத்தைத் திருப்புதல், விடுதிக் காப்பாளரையோ காவலரையோ அழைத்தல் ஆகியன இதில் கற்பிக்கப்படுகின்றன. ஸ்டான்போர்டில் மிதிவண்டியில் வந்த இருவர் செய்ததும் இதுவே.

கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவியரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், ஆபத்தை இனங்காணவும் எதிர்க்கவும் பயிற்சி பெற்றோரில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு உள்ளானோர் 5.2 சதவீதம், பயிற்சி பெறாதோரில் இது 9.8 சதவீதம். சில பல்கலைக்கழகங்கள், உதவி கேட்டு அழைக்கும் மாணவர்மீது மது அருந்தியதற்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்ற விதியையும் வைத்துள்ளன. தண்டனைக்கு அஞ்சி உதவியை நாடாமல் இருப்பதை இது குறைக்கிறது.

உணர்விழந்த ஒருவரைக் கண்டால் மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் செய்யக்கூடியவை

இயன்றவரை குளிக்காமலும் உடையைத் துவைக்காமலும் விரைவில் மருத்துவமனைக்குச் செல்வது சான்றுகளைக் காக்கும். கருத்தடை மருந்தும் நோய்த்தடுப்பு மருந்தும் காலம் தாழ்த்தாமல் எடுக்க வேண்டியவை. இந்தியாவில் அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் வன்புணர்வால் பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கச் சட்டத்தால் கடமைப்பட்டுள்ளன. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றமாகும். அவசர உதவிக்கு 112, மகளிர் உதவிக்கு 181 ஆகிய எண்கள் உள்ளன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படும். மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படக் கூடும் என்பதை இவ்விதிகள் ஏற்கின்றன. அன்று குடித்திருந்தார் என்பதாலோ, நடந்தது முழுவதும் நினைவில் இல்லை என்பதாலோ, ஒருவர் புகார் அளிக்கும் உரிமையை இழப்பதில்லை.